பீச்சாங்கைப் பாடம்

“உங்க புள்ள பீச்சாங்கையில எழுதுறான்! இந்தக் கண்றாவியை வந்து பாருங்க!”

சரோஜம்மாள் போட்ட சத்தத்தில், பாதிக் களியோடு கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார் ராஜப்பன். பேரிகை ஊரிலேயே பெரிய பண்ணை அவருடையது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகன் சென்னகிருஷ்ணன், சிலேட்டை மடியில் வைத்து இடது கையால் கோணல் கோணலாக இழுத்துக்கொண்டிருந்தான்.

“டீச்சர்தான் நைனா சொன்னாங்க! முதல் மணிக்கு எல்லாருக்கும் பீச்சாங்கைதான். எனக்கு ‘க’ வந்துடுச்சு!” பையன் குதியாய்க் குதித்தான்.

ராஜப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரஸ்வதியை இடது கையால் தொடுவதா?

“ஜில்லா போர்டுல சொல்லி அந்தம்மாவை இன்னிக்கே மாத்தலேன்னா, நான் ராஜப்பன் இல்ல!”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே மகனும் ஓடினான்.

ஒன்றாம் வகுப்பில் ஒரே கும்மாளம். முப்பது பிள்ளைகளும் இடது கையில் பலப்பம் பிடித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதின. ருக்மணி டீச்சரும் பலகையில் இடது கையால்தான் எழுதினார். அது கோணிக்கொண்டு போக, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

“ஏம்மா, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?”

“வாங்கய்யா. எல்லாப் புள்ளைக்கும் ஒரே மாதிரி எழுத்து வராதுங்க. மாதப்பனுக்கு மணல்ல விரல வச்சு எழுதினாத்தான் வருது. நாராயணம்மாவுக்குப் புள்ளி வச்சுக் கொடுக்கணும். ஒருத்திக்கு இடது கை.”

“ஒருத்திக்குத்தானே? அவளுக்கு மட்டும் தனியாச் சொல்லிக் கொடு!”

“கொடுத்தேங்க. மத்ததுங்க சிரிச்சதுல அவ பள்ளிக்கூடத்துக்கே வராம நின்னுட்டா. எல்லாரும் இப்படித்தான் எழுதணும்னு சொன்ன பிறகுதான் திரும்ப வந்தா.”

“அவ ஒருத்திக்காக ஊர்ப் புள்ளைங்க எல்லாம் கெடணுமா? அவ அப்பன் எவன்? கூப்பிடு அவனை! அவ பேரை முதல்ல வெட்டு!”

யாரென்று சொல்ல டீச்சருக்கு மனசில்லை.

அதற்குள் முன்வரிசையில் ஒரு சிறுமி சிலேட்டை உயர்த்திக் காட்டினாள். “முடிச்சிட்டேன் டீச்சர்!”

முத்து முத்தான எழுத்து. வகுப்பே ‘ஓ’ என்று கூவியது. சென்னகிருஷ்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

“மாரம்மாதான் நைனா எப்பவும் ஃபர்ஸ்டு! நம்ம பண்ணையாள் கரியப்பன் பொண்ணு! நம்ம கரும்பு ஆலையில சோத்துக்கை நசுங்கிப் போச்சே, அவதான்!”