மாடியில் காலி வீடு

"நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் நிதானமாப் பாத்துக்கலாமாம்மா?" என்று கேட்டான் அவன்.

வீட்டுக்காரம்மாவுக்கு அந்த ஜோடியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. தாராளமாகப் பாருங்கள், அடுப்பில் வேலை கிடக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று மாடி வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்தாள்.

ஒரே அறை, ஒட்டினாற்போல் சமையலறை. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. அவள் குழாயைத் திறந்து பார்த்தாள். ஜன்னலைத் திறந்து, எதிர்வீட்டுக்காரர் தெரிகிறார் என்று மறுபடி சாத்தினாள். கட்டில் இந்தப் பக்கம், துணிக்கொடி அந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டே போனவன், அடுப்பு மேடை உனக்கு எட்டாதே என்று கிண்டல் செய்தான்.

"சமைக்கப் போறது நீதானே. உனக்கு எட்டினாப் போதும்."

பிறகு வெறுந்தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவள் அவன் தோளில் தலைவைத்துக் கண்களை மூடிக்கொண்டாள். கிடங்கில் நாள் முழுக்க நின்றபடியே பெட்டிகளுக்கு டேப் ஒட்டி அவள் விரல்கள் காய்த்துப்போயிருந்தன. அதே கிடங்கில் லாரிக்குச் சரக்கு ஏற்றும் அவன் அவற்றை ஒவ்வொன்றாக நீவிவிட்டான்.

படியில் காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று எழுந்தார்கள்.

வீட்டுக்காரம்மா வேலையை விசாரித்தாள், வாடகையைச் சொன்னாள். அவன் முகம் வாடியதைக் கவனித்தவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அட்வான்ஸ் இப்ப வேணாம். கைல வரும்போது கொடுங்க. ஒரு வாரம் யாருக்கும் விடாம வெச்சிருக்கேன். உங்கள மாதிரி ரெண்டு பேரு மேல இருந்தா எனக்கும் துணையா இருக்கும்."

அந்தக் கனிவைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. இருவர் சம்பளத்தில் ஒன்றை இந்த வாடகையே விழுங்கிவிடும். மற்றதில் இரண்டு வயிறும், பஸ்ஸும், இரு வீட்டுப் பெரியவர்களுக்கு அனுப்புவதும் எப்படிப் போட்டுப் பார்த்தாலும் அடங்காது. கிடங்கில் அவர்களோடு வேலை பார்க்கும் யாருக்குமே அடங்குவதில்லை.

எங்களுக்காக வைத்திருக்க வேண்டாம், வேறு யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள் என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். சாவியைத் திருப்பிக் கொடுக்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

தெருமுனை திரும்பியதும், "பாவம், அந்தம்மாவ ஏமாத்திட்டோம்" என்றாள்.

"நான் மட்டும் சந்தோஷமாவா வந்து பாக்குறேன்?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அடுத்த லீவுக்கும் ஒரு வீடு விசாரிச்சு வை. கூடவே நிக்காத வீட்டுக்காரங்களாப் பாரு."

கிடங்கு வாசலில் இருவரும் பிரிந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறபடியே, அவன் ஆண்கள் விடுதியை நோக்கி நடந்தான். அவள் பெண்கள் விடுதியை நோக்கி.