சோதனைக்கு இரண்டு எழுத்து

“சுத்தியலால அடிக்கிறதே போதும்னு இவர் சொல்றாரு அண்ணே. ஒரு எழுத்து குழி விழும், பக்கத்து எழுத்து பட்டும் படாம நிக்கும். வாங்குறவங்க சும்மா விடுவாங்களா, நீங்களே சொல்லுங்க.”

இயந்திரக் கடைக்காரர் யார் பக்கமும் சாயாமல் சிரித்தார். புருஷன் பெண்டாட்டியாக வந்து பொருள் பார்க்கிறவர்களிடம் எப்படிச் சிரிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அவர்களுடையது பர்ஸும் பெல்ட்டும் கைப்பையும் விற்கிற சின்னக் கடை. எதிர்க்கடைக்காரன் வாங்குகிற பொருளிலேயே பேரின் முதல் எழுத்தைப் பொறித்துத் தர ஆரம்பித்ததிலிருந்து இங்கே ஈ ஓட்டுகிற வேலைதான். நாமும் எழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கடையை இழுத்துப் பூட்ட வேண்டும் என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் அவள் கிளம்பியிருந்தாள்.

சரி என்றான் அவன்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் எல்லாவற்றுக்கும் சரிதான். அந்தச் சரியில் ஒரு நாளும் உப்பு இருந்ததில்லை.

மேசைமேல் மூன்று இருந்தன. ஒரு டப்பாவில் இரும்பு எழுத்துகளும் சுத்தியலும். அடுத்தது, கைப்பிடியை இழுத்தால் சூடான எழுத்து வந்து தோலில் அழுந்துகிற சின்ன இயந்திரம்; பார்க்கப் பழம் பிழிகிற கருவி மாதிரி இருந்தது. மூன்றாவது காற்றழுத்தத்தில் தானாக இறங்குவது. அதன் விலையைக் கேட்டதும், அன்றைக்கு முதல்முறையாக இருவரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். வாசல் பக்கம்.

ஆகக் கைப்பிடி இயந்திரம்.

எவ்வளவு சூடு, மெல்லிய தோல் கருகுமா, தங்கத்தாள் உதிருமா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எழுத்து மட்டும் பித்தளையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். மலிவானது நாலு மாதத்தில் முனை மழுங்கிவிடுமாம்.

மாப்பிள்ளை எதுவும் கேட்கவில்லையே என்றார்.

இவரிடம் கேட்டால் பதில் வராது என்றாள் அவள். கடை நிறையப் பர்ஸ் தொங்குகிறது, இவர் பாக்கெட்டில் இருப்பதோ தையல் விட்ட கிழம். புதுசு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கஞ்சன் என்றால் ஊர் உலகத்தில் இல்லாத கஞ்சன்.

அவனும் சேர்ந்து சிரித்தான். கை மட்டும் பின்பாக்கெட் வரை போய்த் திரும்பி வந்தது.

கடைக்காரர் சூட்டை ஏற்றிவிட்டு ஒரு துண்டுத் தோலை எடுத்துப் போட்டு, மேலே தங்கத்தாளை விரித்தார். சோதனைக்கு இரண்டு எழுத்து வேண்டும், வாய்க்கு வந்ததைச் சொல்லு தங்கச்சி என்றார்.

“ஆர், எம்” என்றாள்.

அவர் பித்தளை எழுத்துகளைப் பொறுக்கிச் சட்டத்தில் வைத்துத் திருகினார். அச்சு என்பதால் எல்லாம் இடவலம் மாறி நின்றன. ஆர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. எம் மட்டும் இடவலம் மாறினாலும் எம்தான்.

கைப்பிடி இறங்கியது. லேசாகத் தோல் பொசுங்குகிற வாசம். தங்கத்தாளை உரித்ததும் இரண்டு எழுத்தும் பளிச்சென்று எழுந்து வந்தன.

“ஆர் நம்ம தங்கச்சி. எம் மாப்பிள்ளையா? நல்ல பொருத்தம்.”

அப்போதுதான் தான் சொன்னது அவளுக்கு உறைத்தது.

அவன் பேரின் முதல் எழுத்து எஸ்.

கொட்டிய சொல்லை அள்ள முடியுமா? அவள் அவனைப் பார்க்காமல் இயந்திரத்தைப் பார்த்தாள். அவன் தோல் துண்டை வாங்கி, கட்டைவிரலால் ஒருமுறை தடவினான். பிறகு கடைக்காரரைப் பார்த்துத் தலையாட்டினான். ஆமாம், எம் நான்தான் என்பது மாதிரி.

கடைக்குள் வந்ததிலிருந்து கேட்காதவன் முதல் கேள்வி கேட்டான். பதிந்த எழுத்தின் மேல் வேறு எழுத்துப் பதிக்க முடியுமா?

தங்கத்தைச் சுரண்டி எடுத்துவிடலாம், குழி போகாது என்றார் அவர். தோல் பட்ட சூட்டை மறக்காது. மேலே இன்னொன்று அடித்தால் ரெண்டும் தெரியும், எதையும் படிக்க முடியாது. அதைத் தூரப் போட்டுவிட்டுப் புதுசு எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

அவன் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்தான். சில்லறையையும் மகளின் படத்தையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டு, காலிப் பர்ஸை இயந்திரத்தின் தட்டில் விரித்தான்.

அதை அவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்து வருஷங்கள் ஆயிருந்தன. எழுத்து எப்போதோ தேய்ந்து போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள்.

மூலையில், தங்கம் உதிர்ந்த இரண்டு குழிகள். ஆர். எம்.

அவளுக்கு முதலில் நிச்சயித்த மாப்பிள்ளைக்குப் பரிசாக அவள் அப்பா ஆசை ஆசையாகச் சொல்லிச் செய்தது. கல்யாணத்தன்று காலையில் அந்த மாப்பிள்ளையைக் காணவில்லை. மானம் போகுமே என்று இரண்டு வீட்டாரும் கூடிப் பேசி, மதியத்துக்குள் அவன் தம்பியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் நிறுத்தினார்கள். அண்ணனுக்குத் தைத்த கோட்டு தம்பியின் தோளில் தொங்கியது. அதன் உள்பையில்தான் இந்தப் பர்ஸ் இருந்தது.

அன்றைக்கும் அவன் சரி என்றுதான் சொன்னான்.

கடைக்காரர் எதையோ புரிந்துகொண்டவராகச் சட்டத்தின் திருகைத் தளர்த்தி எழுத்துகளைக் கழற்றினார். இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சூடு இன்னும் இறங்கவில்லை.

“அந்த எம் மேல ஒரு எழுத்து அடிக்கணும்” என்றான் அவன், அவளிடம். “எதுன்னு நீயே சொல்லு.”