ஆறு வாட்

ஒரு போன் கால் கதை சொல்லப்போகிறேன். வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் உடனே இல்லை. முதலில் என் அப்பாவின் கஞ்சத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு ஒரு சர்வர் வாங்க வேண்டும். படம், பாட்டு, போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்தால், அம்மா படுத்தபடியே டிவியில் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு இரண்டு மாதமாக நெஞ்சுச் சளி. பாதி நாள் படுக்கைதான்.

இதற்கு மூன்று வாரமாக அப்பா ஆராய்ச்சி நடத்துகிறார்.

"மேஜைக்கு அடியில பழைய கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கு? அதுல போடுங்க" என்றேன்.

அப்பா சுவர் பிளக்கில் கரண்ட் அளக்கும் ஒரு மீட்டரைச் செருகி, கம்ப்யூட்டரை அதில் மாட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தார். "அறுபத்திரெண்டு வாட்! சும்மா இருக்கறதுக்கே!" என்று பாம்பைக் கண்ட மாதிரி பின்வாங்கினார்.

"அப்போ ரெண்டு டிஸ்க் போடற ரெடிமேட் பெட்டி?"

"இருபது வாட்."

"எதுதான் வேணும் உங்களுக்கு?"

"ஃபேன் இல்லாத குட்டிக் கம்ப்யூட்டர். சுத்தற டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. போதும். மொத்தமா ஆறு வாட்ல முடியணும்."

எங்கள் குளியலறை பல்பே ஒன்பது வாட்.

அடுத்து என்னைப் பற்றி. வீட்டில் எனக்குப் பெயர் வாலு. யாராவது இரண்டு நிமிடம் பேசினால் போதும், அவர் குரல் என் தொண்டைக்குள் குடிவந்துவிடும். கணக்கு டீச்சர், பக்கத்து வீட்டு மாமா, லிஃப்டுக்குள் மாடி எண் சொல்லும் பெண், யாரையும் விட்டதில்லை. போன வாரம், அம்மா படியேறி வந்ததைச் செய்து காட்டினேன்.

"வாலு... ஹா... அந்தத் தண்ணியை... ஹா... எடுடீ... ஹா..."

அம்மாதான் அதிகம் சிரித்தாள். "இன்னொரு தடவை செய்டீ" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அப்பா மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். சிரித்தால் கரண்ட் செலவாகும் என்று பயம்போல.

சரி, சிரிப்பு இதோ வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் கடை நடத்தும் அக்காவுக்கு நிரந்தர மூக்கடைப்பு. எதைச் சொன்னாலும் கடைசியில் "கரெக்டா சார்?" என்பார். அப்பாவோடு இரண்டு முறை போய்க் கேட்டிருக்கிறேன். போதாதா?

ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா சாப்பாட்டு மேஜையில் தன் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தோழியிடம் இரவல் வாங்கிய போனை எடுத்து, போர்வைக்குள் புகுந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்பாவை அழைத்தேன்.

"சார், கம்ப்யூட்டர் கடைலேர்ந்து. உங்களுக்குன்னே ஒரு மெஷின் வந்திருக்கு. எட்டு டிஸ்க், நாலு ஃபேன், நூத்தியெண்பது வாட். ஆன் பண்ணா வீடே அதிரும். கரெக்டா சார்?"

"மேடம், நான் கேட்டது ஆறு வாட்..."

"ஆறு வாட்ல கொசுகூடப் பறக்காது சார். இவ்வளவு கஞ்சத்தனம் ஆகாது. கரெக்டா சார்?"

தலையணையைக் கடித்துக்கொண்டேன். அப்பா கத்துவார், நான் கதவைத் திறந்து குதிப்பேன், இதுதான் திட்டம்.

அப்பா கத்தவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், அடுத்த வாரம் வீட்டுக்கு ஒரு மெஷின் வருது. முந்நூத்தைம்பது வாட். ராத்திரி பகலா ஓடணும். கரண்ட் போனா, எங்க இன்வெர்ட்டர் பேட்டரி அதை நாலு மணி நேரம் ஓட்டும். கூடவே அந்தப் பழைய கம்ப்யூட்டரும் ஓடினா, அதுல முப்பத்தாறு நிமிஷம் குறையுது. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"அப்படி என்ன மெஷின் சார்? வீட்டுக்குள்ள ஐஸ் ஃபேக்டரி வைக்கறீங்களா?"

"ஆக்சிஜன் மெஷின். என் மனைவிக்கு. எல்லார்கிட்டயும் சளின்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். சளி இல்ல மேடம். நுரையீரல் சுருங்கிக்கிட்டே வருது. இனிமே சரியாகாதுன்னுட்டாங்க."

மூக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கரண்ட் போற நேரத்துலதான் அவளுக்குப் பயம் வரும். அப்போ போன்ல பாக்கறதுக்குத்தான் இந்த சர்வரே. சினிமாவுக்கு இல்ல. எங்க பொண்ணு எல்லார் மாதிரியும் பேசிக் காட்டுவா. சின்ன வயசுலேர்ந்து நானூறு வீடியோ எடுத்து வெச்சிருக்கோம்."

"பொண்ணுக்கு... தெரியாதா சார்?"

'கரெக்டா' வரவில்லை.

"மெஷின் வந்து இறங்கற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு அவ அம்மா சத்தியம் வாங்கியிருக்கா. 'தெரிஞ்சா, அப்புறம் வாலு என்னை மாதிரி மூச்சு வாங்கிக் காட்ட மாட்டா. இருக்கற வரைக்கும் சிரிச்சுக்கறேனே'ன்னா."

தலையணையை மறுபடியும் கடித்தேன். இந்த முறை அடங்கவில்லை.

"ஹலோ? மேடம்?"

போனில் ஒரு விசும்பல். அதே விசும்பல், அதே நொடியில், சாத்தியிருந்த கதவு வழியாகவும் அப்பாவுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

நாற்காலி நகர்ந்தது. காலடிச் சத்தம் என் கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"...வாலு?"