மச்சம் எடுத்த முகம்

மாலையில் எடை போட்டபோது வைரம் குறைந்தது. எல்லாம் கடுகளவுக் கற்கள்தான். ஆனால் ஒரு சிட்டிகை இருந்தால் சியோலில் வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம்.

மாடியிலிருந்த நகைப் பட்டறையின் ஷட்டரை முதலாளி பாங் இறக்கினார். கல் பதிக்கும் இருவரையும் தலைகீழாக உலுக்காத குறையாகச் சோதித்தார். டால்சூ காலணியைக் கழற்றித் தட்டிக் காட்டினான். யூன்சில் வெள்ளைத் தாளின் மேல் குனிந்து தலையை வாரினாள். நகம், நாக்கு, காது எல்லாம் ஆயிற்று. கிடைத்தது பொடுகு மட்டும்.

“போலீஸைக் கூப்பிடுங்க முதலாளி” என்றான் டால்சூ.

“கூப்பிட்டா நாளைக்கே ஜோங்னோ நகைத் தெரு முழுக்க நாறிடும். அப்புறம் எவன்டா என்னை நம்பிக் கல்லைக் கொடுப்பான்?”

சொல்லிக்கொண்டே வந்த பாங்கின் பார்வை யூன்சிலின் முகத்தில் நின்றது. நெற்றி, கன்னம், மூக்கு எங்கும் வட்ட வட்டப் பிளாஸ்திரிகள். புத்தாண்டு விடுமுறையில் லேசரில் மச்சம் எடுத்துக்கொண்டவள் அவள். பனிக்காலத்தில் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் திரிவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாங்கும் இதுவரை பார்க்கவில்லை.

“ஏம்மா, அதுக்கு அடியில என்ன?”

“புண்ணு முதலாளி.”

“பிரி, பார்க்கலாம்.”

யூன்சில் ஓரடி பின்வாங்கினாள். “கையே வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பிய்ச்சா தோலோட வரும், ஆயுசுக்கும் குழி. அடுத்த மாசம் மாப்பிள்ளை வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க முதலாளி.”

“மச்சத்தை எடுத்தா பணம் சேரும்னு முகம் பார்த்து ஜோசியம் சொல்ற ஆளு சொன்னாருன்னியே அக்கா, சேர்ந்துருச்சா?” என்றான் டால்சூ.

“வாயை மூடுடா!”

பாங் அசையவில்லை. “பிரிச்சா குழி. பிரிக்கலைன்னா போலீஸ். நீயே சொல்லு.”

திருடி என்று பெயர் விழுந்தால் ஜெயில். வெளியே வந்தாலும் இந்தத் தெருவில் எந்தப் பட்டறையும் சேர்க்காது. யூன்சில் அழ ஆரம்பித்தாள். “அப்படின்னா ஆஸ்பத்திரிக்காரங்களாவது பிரிக்கட்டும்.”

பாங் அவளைப் போனைத் தொடவிடவில்லை. அவள் பையிலிருந்த பிளாஸ்திரிப் பாக்கெட்டில் எழுதியிருந்த கிளினிக் எண்ணைத் தானே அழுத்திப் பேசினார்.

இரண்டு தெரு தள்ளியிருந்த கிளினிக்கிலிருந்து நர்ஸ் கும்ஜூ ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். வரும்போதே கொதித்தாள்.

“இது என்ன சார் அநியாயம்? மங்குக்கு டோனிங் லேசர் அடிச்சிருந்தாலாவது, முகத்தைக் கழுவிட்டு வேலைக்குப் போகலாம். இது மச்சத்தைச் சுட்டு எடுக்கிற லேசர். பச்சைப் புண்ணு சார்.”

“பிரிங்கம்மா.”

யூன்சில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பாங் விளக்கை இழுத்து, வைரத்தில் கீறல் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் மாட்டினார்.

கும்ஜூ இடுக்கியால் முதல் பிளாஸ்திரியை உரித்தாள். புண்ணில் ஊறிய நீரை உறிஞ்சி அது குழைந்த சோறு மாதிரி வெள்ளையாக உப்பியிருந்தது. பாங் “சீ!” என்று முகத்தைச் சுளித்தார். அது அவள் கொண்டுவந்திருந்த கழிவு டப்பாவில் விழுவதற்குள், திறந்த இடத்தில் லென்ஸை வைத்துவிட்டார். சிவந்த குழி. அடுத்தது. அதுவும் குழிதான். மயிரிழைக் கீறலைக்கூடத் தப்பவிடாத கண் அது. அவள் முகத்தில் ஒரு மயிர்க்காலைக்கூட விடவில்லை.

கடைசிக் குழியும் வெறும் குழியாகவே இருந்தது. லென்ஸைக் கழற்றிய பாங்குக்குக் காதெல்லாம் சிவந்திருந்தது.

“திருப்தியா சார்?” கும்ஜூ டப்பாவை மூடினாள். “இந்தக் குழிக்கெல்லாம் இனி பிராக்‌ஷனல் லேசர் அடிக்கணும். ஒரு தடவையில சரியாகாது.”

“எத்தனை தடவை ஆனாலும் பில்லு எனக்கு வரட்டும்.” அவர் யூன்சிலுக்கு முன்னால் இடுப்பை வளைத்துக் குனிந்தார். “மன்னிச்சிடும்மா. நாளைக்கு லீவு போட்டுக்க.”

நர்ஸுக்குச் சிரமம் வேண்டாமென்று டப்பாவைத் தானே கீழே தூக்கிப் போய் ஸ்கூட்டரில் வைத்துக் கொடுத்தார். மேலே வந்ததும் டால்சூவின் பக்கம் திரும்பினார். “பல்லுல சொத்தைன்னியே, எங்க, வாயைத் திற.”

மறுநாள் காலை, முதலாளி செலவில் முகத்தைச் சரிசெய்துகொள்ள யூன்சில் கிளினிக்குக்குப் போனாள். கும்ஜூ அவளைப் பின்னறைக்கு அழைத்துப் போய்க் கதவைத் தாழிட்டாள்.

பிறகு கழிவு டப்பாவைத் திறந்து பிளாஸ்திரிகளை ஒவ்வொன்றாக வெந்நீரில் அலச, வெள்ளைப் பசைக்குள்ளிருந்து கழன்று கிண்ணத்தின் அடியில் கிணுங்கென்று போய் உட்கார்ந்தன, பாங்கின் வைரங்கள்.