முப்பத்தொரு ஜோடி

காலை எட்டே கால். ரோஜா ஷெட் வாசலில் முப்பத்தொரு ஜோடிச் செருப்பு. கிராம சுகாதார செவிலியர் ரேவதி தன்னுடையதைக் கழற்றாமல் உள்ளே கால் வைத்தாள்.

“செருப்பு,” என்றார் வாட்ச்மேன் கௌஸ் மொய்தீன்.

“நான் கவர்மெண்ட்டு நர்ஸு.”

“செருப்பு கவர்மெண்ட்டு இல்லீங்களே. கழட்டிட்டுப் போங்க.”

கழற்றினாள். இன்னும் இரண்டு ஊர் பாக்கி. இதில் இந்த ஆளோடு வாதாட நேரமில்லை.

உள்ளே காவேரி பூ வெட்டிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு பெங்களூரு வண்டி.

“கத்தரியைக் கீழ வை காவேரி.” ரேவதி அவள் விரலில் ஊசி குத்திப் பார்த்தாள். “ரத்தம் ஏழுதான் இருக்கு.”

“போன தடவையும் ஏழுதானுங்க.”

“அதைத்தான் கேக்கறேன். குடுக்கற மாத்திரையெல்லாம் எங்க போவுது? ஆட்டுக்குப் போடறியா?”

“பூச்சி மாத்திரை உங்க எதிர்லயே கடிச்சுத் தின்னேன். சத்து மாத்திரையும் தெனம் போடறேன். ஏற மாட்டேங்குது, நான் என்னாத்த செய்ய?”

காவேரிக்கு இரண்டு குழந்தைகள். மூன்றாவது தங்கினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு இரண்டு முறை கிருஷ்ணகிரி போனாள். ‘ரத்தம் பத்து ஆனதும் வா’ என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சூப்பர்வைசர் விஜயகுமார் வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்து நின்றான். “சீக்கிரம் மேடம். வண்டி நிக்காது.”

ரேவதி காவேரியின் காலைப் பார்த்தாள்.

“கம்பெனி குடுத்த செருப்பு எங்க? குடுத்தப்ப எடுத்த போட்டோவுல நானும்தான் நின்னேன். வெறுங்காலோட திரியாதேன்னு எத்தனை தடவை சொல்றது? மாத்திரை வயித்துல இருக்கற புழுவைத்தான் கொல்லும். மண்ணுல இருக்கறது மறுபடி கால் வழியா ஏறும். உங்களுக்கெல்லாம் எவ்வளவு சொன்னாலும்...”

காவேரி நிமிரவில்லை. “உங்க செருப்பு எங்கீங்க நர்ஸம்மா?”

பக்கத்து வரிசையில் மாதேஸ்வரி சிரித்துவிட்டாள்.

ரேவதி குனிந்து பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் செம்மண்.

“அது ரூல் மேடம்,” என்றான் விஜயகுமார். “வெளி மண்ணு உள்ள வந்தா செடி வேருல புழு ஏறிடும். அப்புறம் மொத்த ஷெட்டும் போச்சு.”

“ரோஜாவுக்குப் புழு வந்தா பெங்களூருலருந்து டாக்டர் காருல வராரு நர்ஸம்மா,” என்றாள் மாதேஸ்வரி. “எங்களுக்கு வந்தா நீங்க வர்றீங்க, பஸ்ஸுல.”

ரேவதிக்குக் கோபம் வரவில்லை. “வெளிக்கு எங்க போறீங்க?”

மாதேஸ்வரி கத்தரியால் பின்வாசலைக் காட்டினாள். அதைத் தாண்டித் தைலமரத் தோப்பு.

“ஆபீஸ்ல டாய்லெட் இருக்கு மேடம்,” என்றான் விஜயகுமார். “ஸ்டாஃபுக்கு.”

“தோப்புக்கு வெறுங்காலாவா போறீங்க?”

“செருப்பு முன்வாசல்ல கெடக்குது. ஷெட்டைச் சுத்திப் போயி மாட்டிக்கினு வந்தா கால் மணி நேரம். சாரு சும்மா விடுவாரா?”

“கையில எடுத்துக்கிட்டு இப்படியே நடந்து போனா?”

“கையிலயும் கூடாது மேடம்,” என்றான் விஜயகுமார். “ரூல்.”

முப்பத்தொரு பேருக்கும் அதே தோப்பு.

திரும்பும்போது வாசலில் நின்று ரேவதி உரக்கவே சொன்னாள். “இந்தச் செருப்பெல்லாம் பின்வாசலுக்கு வெளியில இருந்தாப் போதும் சார். காவேரிக்கு ரத்தம் ஏறிடும்.”

“முதலாளிகிட்டப் பேசறேன் மேடம்.” அதற்குள் அவன் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

கௌஸ் மொய்தீன் மட்டும் நின்றிருந்தார். “உங்க ஜோடியை எடுங்கம்மா. வழியில கெடக்குது.”

மனுஷன்தானா இவர் என்று நினைத்துக்கொண்டு ரேவதி பஸ்ஸுக்கு ஓடினாள்.

அது ஆகஸ்ட். டிசம்பரில் மறுபடி வந்தபோது மணி பதினொன்று. வாசலில் ஒரு ஜோடிகூட இல்லை.

“செருப்பு,” என்றார் கௌஸ் மொய்தீன்.

ரேவதிக்கு எரிச்சல் வந்தது. கம்பெனி கொடுத்ததை வித்துத் தின்னுட்டாளுங்களா? தன்னுடையதைக் கழற்றிப் போட்டுவிட்டு விடுவிடுவென்று நடந்து பின்வாசலைத் திறந்தாள்.

வெளியே சாக்கு விரித்து, முப்பத்தொரு ஜோடி. எல்லாமே தோப்பைப் பார்த்தபடி.

காவேரியின் விரலில் ஊசி குத்திப் பார்த்தாள். பத்தேகால். இன்னொரு தடவையும் பார்த்தாள். அதே பத்தேகால்.

விஜயகுமார் பின்னாலேயே வந்தான்.

“முதலாளிகிட்டப் பேசிட்டீங்க போலிருக்கு சார்.”

அவன் அந்தச் செருப்புகளை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு சொன்னான், “அன்னைக்கே சொன்னேன்ல மேடம்.”

காவேரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாதேஸ்வரி அவளை முழங்கையால் இடித்தாள்.

ரேவதி விஜயகுமாருக்கு இரண்டு முறை நன்றி சொன்னாள். பதிவேட்டில் அவன் பெயரையும் எழுதிக்கொண்டாள்.

டிசம்பர் 16ஆம் தேதி காவேரிக்கு ஆபரேஷன் நடந்தது.

டிசம்பர் 18ஆம் தேதி வாட்ச்மேன் கௌஸ் மொய்தீனுக்கு மெமோ கொடுக்கப்பட்டது. நான்கு மாதமாகக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, பெண்களின் செருப்பைக் கூடையில் சுமந்துகொண்டு பின்வாசலுக்குப் போய்வந்து, பத்துப் பத்து நிமிடம் கேட்டை ஆளில்லாமல் விட்டது குற்றம். கீழே கையெழுத்து: விஜயகுமார்.