மாப்பிள்ளை எழுதிய ஏழு கடிதங்கள்

“எடேய் ஹியூபேட், காதல் வந்துதோ இல்லையோ?”

கடை முதலாளி நாகேந்திரத்தின் கேள்விக்குக் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வெளிநாட்டு அழைப்புக்காக வாங்குப் பலகையில் காத்திருந்தவர்கள் அவர்கள்.

“வருதில்ல அண்ணே. காலையில இருந்து மூணு பேப்பரைக் கசக்கியாச்சு.”

ஹியூபேட் எழுந்து நாலு அடி நடந்தான். திரும்பி வந்து இருந்தான். மறுபடி எழுந்தான். வெள்ளவத்தையில் றெயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கொமியூனிகேஷன் கடையில் அவனுக்குக் கடிதம் எழுதுகிற வேலை. அதுவும் மாப்பிள்ளைமாருக்கு.

வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பேசி முடித்த பெண்ணுக்கு விசா கிடைக்க, இரண்டு பேரும் பழகியதற்குச் சாட்சியாக எம்பசிக்குக் கடிதங்கள் காட்ட வேண்டும். பெண்கள் எப்படியாவது எழுதிவிடுவார்கள். இரண்டு வேலைக்கு ஓடுகிற மாப்பிள்ளைமாருக்கு நேரம் ஏது? ஹியூபேட் எழுதுவான். எழுதியதைப் பெண் வாசித்துச் சரி என்றதும் நாகேந்திரம் பக்ஸ் மெசினில் மாப்பிள்ளைக்கு அனுப்புவார். மாப்பிள்ளை அதைப் பார்த்துத் தன் கையால் எழுதி, பெண்ணுக்கே தபாலில் போடுவார்.

இன்றைக்குக் கௌரியின் ரொறன்ரோ மாப்பிள்ளை. ஏழாவது கடிதம்.

“மூண்டு கிழமையில இன்ரவியூ, ஹியூபேட்,” என்றாள் எதிரே இருந்த கௌரி. “இண்டைக்கு அனுப்பாட்டி வந்து சேராது. அப்பா லொட்ஜில நித்திரையில்லாமல் கிடக்கிறார்.”

சண்டையால் பாதை பூட்டியிருந்த யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து, தகப்பனோடு பாமன்கடை லொட்ஜ் ஒன்றில் எட்டு மாதம். மாதாமாதம் பொலிஸ் பதிவைப் புதுப்பித்து ஓய்ந்துபோயிருந்தார்கள்.

“நான் என்ன செய்ய கௌரி? கொட்டாஞ்சேனையில பஸ் ஏறக்குள்ள முதல் வரி மண்டையில இருந்திச்சு. சத்தியமா! செக்பொயின்ரில ஆமிக்காரன் இறக்கினான், ஐடென்ரிக்காட் கேட்டான், பேக்கைக் கொட்டச் சொன்னான். பேக்கோட சேர்ந்து வரியும் கொட்டிருச்சு.”

“மூட் வந்துதான் எழுத நீ என்ன பெரிய எழுத்தாளனோ?” என்றார் நாகேந்திரம். “மாப்பிள்ளை என்ன தின்னுறார், என்ன உடுக்கிறார் எண்டு நாலு வரி எழுதன்.”

“எனக்கு என்ன தெரியும் அண்ணே? காருக்குப் பக்கத்தில நிக்கிற ஒரு போட்டோதான் தந்தாங்க. அதிலயும் கார்தான் வடிவா விழுந்திருக்கு.”

வாங்கிலிருந்த றஞ்சிதம் அக்கா இடையில் புகுந்தாள். “தம்பி, என்ர மகளுக்கு நீ எழுதினதை வாசிச்சு நானே அழுதனான். மருமகனிட்டச் சொன்னன். அவர் ‘எந்தக் கடிதம் மாமி?’ எண்டு கேக்கிறார்!”

மறுபடி சிரிப்பு. கௌரி மட்டும் சிரிக்கவில்லை.

“மாப்பிள்ளையை விடுங்கோ ஹியூபேட். உங்களைச் சுத்திப் பாருங்கோ. இண்டைக்கு என்ன கண்டீங்கள், என்ன கேட்டீங்கள்? முந்தின ஆறும் அப்பிடித்தானே வந்தது?”

ஹியூபேட் பேனையை உருட்டினான். வெளியே பாணந்துறை றெயில் கத்திக்கொண்டு போனது. மேசையில் தேத்தண்ணிக் கிளாஸ் கிடுகிடுத்தது. அதற்குப் பின்னாலேயே கடல் காற்று உள்ளே வந்து பேப்பரைப் பறக்கவிட்டது. எட்டிப் பிடித்தான். கை பிசுபிசுத்தது.

பிடித்த கையோடு எழுதத் தொடங்கினான். அரை மணித்தியாலம் தலை நிமிரவில்லை. நாகேந்திரம் இரண்டு தரம் கூப்பிட்டதுகூட அவனுக்குக் கேட்கவில்லை.

கௌரி ஒரு தரம் வேகமாக வாசித்தாள். பிறகு ஒரு தரம் மெதுவாக.

“ஏதும் மாத்தணுமா?”

“ஒரு எழுத்தும் வேண்டாம்,” என்றாள். “அனுப்புங்கோ.”

மூன்று கிழமை கழித்து, இன்ரவியூ அன்று, ஹியூபேட்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடை வாசலுக்கும் றோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தான். மத்தியானம் ஓட்டோவில் வந்து இறங்கிய கௌரி, கடிதங்கள் இருந்த கோவைக்கட்டை மேசையில் வைத்தாள்.

“இல்லையாம்.”

“என்னது? ஏன்?”

“கடிதத்தாலதான். மொழிபெயர்க்கிறவர் வாசிச்சுக் காட்டினவர். ‘றெயில் போகேக்க என்ர தேத்தண்ணிக் கிளாஸ் ஆடுது. கடல் காத்தில கையெல்லாம் உப்பு. அந்தக் கையாலதான் உமக்கு எழுதுறன்.’ வெள்ளைக்காரன் கேட்டான், ரொறன்ரோவில எந்தப் பக்கம் கடல் எண்டு.”

ஹியூபேட் அப்படியே வாங்கில் இருந்துவிட்டான்.

“ஐயோ! எழுத வந்தா எங்க இருக்கிறன் எண்டே எனக்கு மறந்திரும். இதில மட்டுமா?”

“ஏழிலயும்.”

“நாசமாக்கிட்டனே கௌரி! அப்பா என்னை வெட்டிப் போடுவாரே?”

“அப்பா எம்பசியைத்தான் ஏசிக்கொண்டு இருக்கிறார்.”

“அந்த மாப்பிள்ளையாவது பாத்திருக்கக் கூடாதா? ஏழு தரம் தன்ர கையால எழுதினாரே!”

“முதல் கடிதத்திலயே கடல் இருக்கிறதை நான் கண்டிட்டன், ஹியூபேட். எழுதேக்க அவர் ஒருக்கா வாசிச்சு, அந்தக் கடலை வெட்டுறாரோ எண்டு ஏழு தரமும் பாத்துக்கொண்டு இருந்தனான்.” கௌரி கடிதக் கட்டை அவன் பக்கம் தள்ளினாள். “வாசிக்காத மனுசனை வேண்டாமெண்டு அப்பாவுக்கு நான் சொல்லேலாது. எம்பசி சொல்லலாம்தானே?”