எதிர் நாற்காலி

"போன வாரமே நிராகரிச்சாச்சு. மறுபடியும் வந்து எதுக்கு என் உயிரை வாங்குறே?"

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்ற முன்னாள் சிப்பாயிடம், மருத்துவ உதவிப் பிரிவின் அதிகாரி எரிந்து விழுந்தார்.

"சார், நான் வந்தது..."

"தெரியும்யா, முகமாற்று ஆபரேஷன்! கண்ணு தெரியுது, வாய் பேசுது. அப்புறம் உன் அழகுக்கெல்லாம் அரசாங்கம் பணம் அழணுமா?"

"குண்டு வெடிச்சது என் வீட்டு அடுப்புல இல்ல சார், எல்லையில."

"சும்மாவா போனே? சம்பளம் வாங்கிட்டுத்தானே போனே! இருக்கிற மூஞ்சிக்கு என்ன குறைச்சல்? நாலு நாள் பார்த்தா யாருக்கும் பழகிடும்."

"நிஜமாவா சார்?"

"பின்னே? எல்லாம் பார்க்கிறவன் மனசுலதான் இருக்கு."

சிப்பாய் துண்டை அவிழ்த்தார். மூக்கு இருந்த இடத்தில் ஒரு குழி. கன்னத்தின் ஓட்டை வழியே கடைவாய்ப் பற்கள் தெரிந்தன.

அதிகாரி, வாய்க்குக் கொண்டுபோன டீயைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மூடு! முதல்ல அதை மூடித் தொலை!"

சிப்பாய் மூடவில்லை. அதிகாரிக்கு நேர் எதிரே ஆளில்லாமல் கிடந்த மேஜையின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, துண்டை மடித்து அந்த மேஜையின் டிராயரில் வைத்தார்.

"ஆபரேஷனுக்காக வரல சார். முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டுல உங்க உதவியாளரா என்னைப் போட்டிருக்காங்க. இன்னிக்கு வேலையில சேரணும். பழகிடும்னு நீங்களே சொல்லிட்டீங்க, இனி எனக்கென்ன கவலை?"

அதிகாரி அவசரமாகச் சிப்பாயின் பழைய ஆபரேஷன் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தார். 'நிராகரிக்கப்பட்டது' என்பதைக் கோடு போட்டு அடித்தார். அதற்கு மேலே 'மிக மிக அவசரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், தலையை நிமிர்த்தாமலே.